தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

ஏரியைச் சுத்தம் செய்கிற சிப்பியே ஏரிக்கு எமனாக மாறுவது எப்படி? பழவேற்காட்டில் நடப்பதற்கும் நம் வீட்டு மீன்தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? விளக்குகிறார் திண்டுக்கல் சித்த மருத்துவர் ஒருவர்.

மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்? மண்பானையின் உட்புறத்தில் ஒரு தேற்றான்கொட்டையை நாலு தேய் தேய்த்துவிட்டு, அதில் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும். அதை மொண்டு குடிப்பார்கள்.

நம் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் இயற்கை ஒரு தேற்றான்கொட்டையை வைத்திருக்கிறது. அதுதான் சிப்பி!

கோடையில் குளம் வற்றும்போது பார்த்திருப்பீர்கள். வெடித்துக் கிடக்கும் சேற்றில், விரல் நீளத்தில், வெளியே கறுப்பாகவும் உள்ளே முத்துப்போல மினுமினுப்பாகவும் ஓடுகள் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கி வந்து விளையாடுவார்கள். அதுதான் நம் ஊர்க் குளத்துச் சிப்பி. அது உயிரோடு இருக்கும்போது பாதி உடம்பைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, தண்ணீரை உள்ளே இழுக்கும். அதில் மிதக்கும் நுண்பாசியையும் தூசியையும் வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த தண்ணீரை வெளியே விடும். இரவும் பகலும் சம்பளமில்லாமல் செய்கிற வேலை.

"அப்படியானால் சிப்பி நிறைய இருந்தால் ஏரி ரொம்பச் சுத்தமாக இருக்குமே, நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பில் வாதமோ பித்தமோ கபமோ தன் அளவில் நிற்கும்வரைதான் நமக்கு நன்மை. அளவு மீறினால் அதுவே நோய். ஏரிக்கும் அதே கணக்குதான். அளவு மீறிய சிப்பி ஏரியை என்ன பாடு படுத்தும் என்பதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்த இடம், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே இருக்கும் ஐந்து பெரிய ஏரிகள்.

கப்பலில் வந்த விருந்தாளி

அந்த ஐந்து ஏரிகளையும் சேர்த்தால் பரப்பு சுமார் 2,44,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! பூமியின் மேற்பரப்பில் உள்ள நல்ல தண்ணீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.

1988ல், அந்த ஏரிகளை இணைக்கும் செயின்ட் கிளேர் என்ற ஏரியில் ஒரு புதிய சிப்பி கண்ணில் பட்டது. நகக்கண்ணிலிருந்து பெருவிரல் நுனி அளவு வரைதான் இருக்கும். ஓட்டின்மேல் வரிவரியாகக் கோடுகள். அதனால் 'வரிக்குதிரைச் சிப்பி' என்று பெயர். அதன் சொந்த ஊர் கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கம். அங்கிருந்து அமெரிக்காவுக்கு எப்படி வந்தது?

கப்பல் சரக்கில்லாமல் கிளம்பும்போது ஆடாமல் நிற்பதற்காக, அடிவயிற்றில் உள்ள தொட்டிகளில் துறைமுகத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் சரக்கை ஏற்றும்போது அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிடும். இதற்கு 'பேலஸ்ட்' தண்ணீர் என்று பெயர். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் கடல் தாண்டிப் போய் இறங்கிவிட்டன. 1990க்குள் ஐந்து ஏரிகளிலும் இந்தச் சிப்பி பரவிவிட்டது. அதன் ஒன்றுவிட்ட சகோதரனான 'குவாகா' சிப்பியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி. அந்த ஏரிகளில் ஏற்கெனவே உள்ளூர்ச் சிப்பிகள் இருந்தனவே, அவை ஏன் இப்படிப் பெருகவில்லை? இதற்கான பதிலில்தான் முழு ரகசியமும் இருக்கிறது.

நாட்டுச் சிப்பிக்குக் கடிவாளம் உண்டு. அதன் குஞ்சு பிறந்தவுடன் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில நாட்கள் வளர வேண்டும். பிறகுதான் கீழே விழுந்து சேற்றில் வாழும். மீன் கிடைக்கவில்லை என்றால் குஞ்சு பிழைக்காது. நம் ஊர்க் குளத்துச் சிப்பிக்கும் இதே பிழைப்புதான். மீன் இருந்தால் சிப்பி, சிப்பி இருந்தால் தெளிந்த நீர் என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற குடும்பம் அது.

வந்தேறிச் சிப்பிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒரு பெண் சிப்பி வருஷத்துக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடும். குஞ்சுகள் யார் தயவும் இல்லாமல் தண்ணீரில் மிதந்து வளரும். பிறகு நூல் போன்ற இழைகளைச் சுரந்து கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பாறை, குழாய், படகு, வலை எதையும் விடாது. உள்ளூர்ச் சிப்பியின் முதுகிலேயே கொத்துக்கொத்தாக ஏறி உட்கார்ந்து, அது வாய் திறக்கவும் நகரவும் முடியாமல் செய்துவிடும். செயின்ட் கிளேர் ஏரியிலும் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலும் உள்ளூர்ச் சிப்பி இனங்கள் கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டது இப்படித்தான்.

1989 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரில் குடிதண்ணீர் நின்றுபோனது. ஏரியிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாயை இந்தச் சிப்பிகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம். நம் உடம்பில் ரத்தக்குழாய் அடைபடுகிற மாதிரி ஓர் ஊரின் தண்ணீர்க்குழாயே அடைபட்டுவிட்டது!

தெளிவு தந்த நோய்

ஒரு வரிக்குதிரைச் சிப்பி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டும். ஏரியின் அடியில் கோடிக்கணக்கில் கிடந்தால்? தண்ணீர் பளிங்காகிவிட்டது. கலங்கலாக இருந்த ஈரி ஏரியில் கண் பார்வை எட்டும் ஆழம் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. கரையில் நின்று பார்த்தவர்களுக்கு முதலில் சந்தோஷம்.

ஆனால் அந்தக் கலங்கலில் பெரும்பகுதி அழுக்கு அல்ல, சாப்பாடு! நுண்பாசியைத் தின்றுதான் நுண்ணுயிர்கள் வளரும். அவற்றைத் தின்று மீன் குஞ்சுகள் வளரும். சிப்பி அந்த முதல் கவளத்தையே பிடுங்கிக்கொண்டது. ஏரியின் அடியில் 'டைபோரியா' என்று ஒரு சின்னஞ்சிறு இறால் போன்ற பூச்சி உண்டு. கொழுப்புச் சத்து மிகுந்தது. அங்குள்ள வெள்ளை மீன்களுக்கு அதுதான் முக்கிய உணவு. பல ஏரிகளில் அந்தப் பூச்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மீன்கள் மெலிந்தன, குறைந்தன. பார்க்கச் சுத்தமான ஏரி, உள்ளே பட்டினி கிடக்கும் ஏரி.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். தண்ணீர் தெளிந்ததால் வெயில் அடிவரை இறங்கியது. சிப்பிகளின் கழிவு அடியில் உரமாகச் சேர்ந்தது. வெயிலும் உரமும் கிடைத்தால் என்ன ஆகும்? கரையோரப் பாறைகளில் இழைப்பாசி திரிதிரியாக வளர்ந்தது. அது செத்து அழுகும்போது அங்கே பிராணவாயு தீர்ந்துபோகும். காற்றில்லாத அந்த இடத்தில் 'பொட்டுலிசம்' என்ற கொடிய விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரும். அந்த விஷம் ஏறிய சின்ன மீன்களைத் தின்ற நீர்ப்பறவைகள் கழுத்து துவண்டு ஆயிரக்கணக்கில் கரை ஒதுங்கின. 1999க்குப் பிறகு இது பல வருஷங்களில் திரும்பத் திரும்ப நடந்தது.

மூன்றாவது, நம் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. நுண்பாசிகளில் 'மைக்ரோசிஸ்டிஸ்' என்று ஒன்று உண்டு. நீலப்பச்சை நிறம். ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. வரிக்குதிரைச் சிப்பி இந்தப் பாசியை உள்ளே இழுத்தாலும், "இது எனக்கு வேண்டாம்" என்று பெரும்பாலும் துப்பிவிடும். நல்ல பாசியைத் தின்று, கெட்ட பாசியை விட்டு வைக்கிறது! போட்டிக்கு ஆளில்லாததால் கெட்டது செழிக்கிறது. 2014 ஆகஸ்ட் மாதம் ஈரி ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலிடோ நகரில் இந்த நஞ்சு குழாய்த் தண்ணீரிலேயே வந்துவிட்டது. சுமார் 5 லட்சம் பேருக்கு, "இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள்" என்று அறிவிப்பு செய்தார்கள். வயல்களிலிருந்து வழிந்து வரும் உரச்சத்துதான் அந்தப் பாசிக்கு மூல காரணம். ஆனால் எந்தப் பாசி ஜெயிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் சிப்பிக்கும் பங்கு உண்டு என்பது அங்குள்ள ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு.

அமெரிக்காவை விடுங்கள், பழவேற்காட்டைப் பாருங்கள்

"அது எங்கேயோ நடந்த கதை டாக்டர், நமக்கென்ன?" என்று நினைத்தால், நம் தமிழ்நாட்டுக்கே வாருங்கள்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் பங்கு போட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகள் வந்து இறங்கும் ஏரி. தெற்கே கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாய் வழியாக அதோடு தொடர்புள்ளவை. இந்தப் பகுதியில் இப்போது ஒரு வெளிநாட்டுச் சிப்பி கம்பளம் விரித்திருக்கிறது. மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காக்கா ஆழி'. கறுப்பு நிறம் என்பதால் பொருத்தமான பெயர்தான்!

இதன் தாய்வீடு தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கக் கடலோரம். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று ஒவ்வோர் ஊராக இறங்கிய பிறகு இந்தியாவிலும் தென்பட்டது. கேரளத்துக் காயல்களில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2019ல் எழுதி உறுதி செய்தார்கள். கப்பல் தண்ணீரிலும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான முடிவு. உப்பு கூடினாலும் தாங்கும், குறைந்தாலும் தாங்கும். மழை வந்தால் உப்பு குறைந்து, வெயில் வந்தால் கூடுகிற கழிமுகம் அதற்கு மாமியார் வீடு மாதிரி.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இறாலுக்குச் சேறு வேண்டும். பகலில் சேற்றில் புதைந்துகொள்ளும், அங்கேயே இரை தேடும். காக்கா ஆழி சேற்றின்மேல் சிமென்ட் தளம் போட்ட மாதிரி நெருக்கமாக மூடிவிட்டால், இறால் எங்கே புதையும்? நண்டு எங்கே ஒளியும்? மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் எங்கே வளரும்?

எண்ணூர், பழவேற்காடு பக்கத்தில் இருளர் சமூகத்தவர், பெண்கள் உட்பட, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். படகும் கிடையாது, பெரிய வலையும் கிடையாது. இரண்டு கைதான் முதலீடு. சேற்றுக்குப் பதில் கூரான ஓடுகள் கிடந்தால் அந்தக் கைகளுக்கு என்ன வேலை? வீட்டில் அன்றைக்கு அடுப்பு எப்படி எரியும்? மீனவர்கள் அரசுக்கு மனு மேல் மனு கொடுத்தார்கள். 2023ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இந்தப் பிரச்னை போனது.

கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதை. அங்கே இதற்கு 'வரத்தன் கக்கா' என்று பெயர். வரத்தன் என்றால் வெளியூர்க்காரன். கேரளத்தார் விரும்பிச் சாப்பிடும் கல்லுமக்காயையும் முரிங்கா என்ற சிப்பியையும் அது தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2014ல், முறையாகப் பிடிக்கப்படும் மட்டி என்று சர்வதேசச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலில் வாங்கிய மீன்வளம் அஷ்டமுடியினுடையது. சுமார் 3,000 பேர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் காயலுக்கே இந்தச் சோதனை.

மருந்து உண்டா?

வைத்தியன் என்ற முறையில் என்னிடம் கேட்டால், வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை என்றுதான் சொல்வேன்.

ஓர் இடத்தில் வைத்தியம் பலித்தது. 1999ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், படகுகள் நிற்கும் சில துறைகளில் வரிக்குதிரைச் சிப்பியின் உறவான ஒரு கறுப்புக்கோட்டுச் சிப்பி வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதே இனம் நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967லேயே வந்து இறங்கிவிட்டது என்பது உபரிச் செய்தி! டார்வினில் உடனே துறைகளின் மதகுகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். சில வாரங்களில் சிப்பி ஒழிந்தது. ஆனால் உள்ளே இருந்த மற்ற ஜீவன்களும் கூடவே ஒழிந்தன. மதகு போட்டு மூடக்கூடிய சின்ன இடம் என்பதால் அது முடிந்தது. பழவேற்காட்டுக்கு எங்கே மதகு போடுவது? மயில்துத்தம் கொட்டினால் பூநாரை என்ன ஆகும், இறால் என்ன ஆகும்?

ஆகவே அள்ளி எடுப்பது, மேலும் பரவாமல் காப்பது, மீனவர்களுக்குப் பிழைப்பு வழி செய்வது ஆகியவைதான் மிச்சம். கப்பல்கள் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2004ல் உருவாகி, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் பல சிப்பிகள் பல நாடுகளில் இறங்கி ரேஷன் கார்டு வாங்கிவிட்டன!

திண்டுக்கல்லுக்கு என்ன பாடம்?

கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், கப்பலையே பார்க்காத நம் திண்டுக்கல் சீமைக்கு இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. காக்கா ஆழி உப்பங்கழியில் வாழ்வது. நமக்குக் குடிதண்ணீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணையில் அது பிழைக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் வேறு வந்தேறிகள் நம் குளங்களில் எப்போதோ குடியேறிவிட்டன. அவற்றைக் கொண்டுவந்தது கப்பல் அல்ல, நாம்தான்.

குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து பூ அழகாக இருக்கிறதென்று உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நூறு நாள் வேலையில் அள்ளிக் கரையில் போட்டாலும், சேற்றில் கிடக்கும் விதை பல வருஷம் கழித்தும் முளைக்கும். அடுத்தது நம் மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கும் ஜிலேபிக் கெண்டை. 1952ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. தாய் மீன் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். ஏழை வீட்டுக் குழம்புக்கு உதவுவது உண்மைதான். ஆனால் நாட்டுக் கெண்டை, கெளுத்திகளின் இடமும் இரையும் அதற்குப் போய்விட்டன. ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும். அதை வளர்க்க மத்திய அரசு 2000ல் தடை போட்டது. இருந்தும் திருட்டுத்தனமாக வளர்ப்பதும், அதிகாரிகள் பிடித்துப் புதைப்பதும் இன்றும் செய்தியாக வருகிறது.

இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். நாட்டுச் சிப்பியின் குஞ்சு மீன் செவுளில் ஒட்டி வளர்வது என்று சொன்னேன் அல்லவா? எல்லா மீனும் அதற்கு ஒத்துவராது. நாட்டு மீன் குறைந்தால் நாட்டுச் சிப்பிக்கும் கஷ்டம். சிப்பி குறைந்தால் குளத்தை வடிகட்ட ஆளில்லை. ஒரு குளத்தின் ஆரோக்கியம் இப்படிச் சங்கிலியாகப் போகிறது. கடைசிக் கண்ணி நம் வீட்டுக் குடம்.

நீங்கள் கேட்க நினைக்கும் நாலு கேள்விகள்

காக்கா ஆழியைச் சமைத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாமே?

சில நாடுகளில் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிப்பி என்பது ஒரு வடிகட்டி. காபி வடிகட்டியில் சக்கை தங்குவது போல, தண்ணீரில் உள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களும், மஞ்சள் காமாலைக் கிருமி, பேதிக் கிருமிகளும் அதன் உடம்பில் தங்கும். ஆலைக்கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலக்கிற தண்ணீரில் வளர்ந்த எந்தச் சிப்பியையும் பரிசோதனை இல்லாமல் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஈரல் நோயாளிகளும் கிட்டேயே போகக் கூடாது. நல்ல தண்ணீர்ச் சிப்பியானாலும் அரை வேக்காட்டில் சாப்பிடுவது ஆபத்து.

ஓட்டைச் சித்த மருந்துக்கு எடுக்கலாமா?

குணபாடத்தில் தாது-சீவ வகுப்பு என்று ஒரு பிரிவு உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் அதைப் படிக்கும்போதே ஆசிரியர்கள் முதலில் சொல்லித்தருவது, பொருளை அடையாளம் காண்பது. சங்கு, பலகறை, முத்துச்சிப்பி, கிளிஞ்சல், நத்தை ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுத்தி முறை, தனித்தனிப் புடம், தனித்தனிக் குணம். குன்மத்துக்குச் சங்கு பற்பம், மூலத்துக்கு நத்தை பற்பம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த வெளிநாட்டு ஓடு கிடையாது. "எல்லாம் சுண்ணாம்புதானே" என்று யாராவது இதைப் புடம் போட்டு விற்றால் வாங்காதீர்கள். காரீயம் ஏறிய ஓடு நெருப்பில் போட்டதால் மட்டும் யோக்கியமாகிவிடாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

கிருமிக்குச் சரி. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் நன்றாகக் கொதித்தால் சாகும். ஆனால் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதியில் அழியாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். குளத்துத் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி ஆடை கட்டி நின்றால், அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஆடு மாடுகளையும் அதில் தண்ணீர் காட்டாதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். தேற்றான்கொட்டையும் மண்ணைத்தான் படியவைக்கும், நஞ்சை எடுக்காது.

அப்படியானால் தெளிந்த தண்ணீரை எப்படி நம்புவது?

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உயிர்களைப் பாருங்கள். மீன் துள்ளுகிறதா, தவளை கத்துகிறதா, தட்டான் பறக்கிறதா, கொக்கும் நாரையும் இறங்குகிறதா? இத்தனையும் இருந்தால் குளம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் குடிப்பதற்குக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்தான். உங்கள் போர்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை

நம் நாட்டில் மீன்தொட்டி வைப்பது இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்றைக் கடையில் தருவார்கள். வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். இரண்டு வருஷத்தில் முழங்கை நீளம் வளர்ந்துவிடும். "பாவம், கொல்ல மனசில்லை" என்று குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று பல நீர்நிலைகளில் அது பெருகியது இந்தப் பாவத்தால்தான். அதன் முள்துடுப்பு மீனவர் வலையைக் கிழிக்கிறது. அமெரிக்காவில் 2021ல் இன்னொரு கூத்து. மீன்தொட்டி அழகுக்காக விற்ற பாசி உருண்டைகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி உட்கார்ந்திருந்தது! கடைகடையாகப் போய்ப் பறிமுதல் செய்தார்கள்.

எனவே:

* தொட்டி மீன், தொட்டிச் செடி, நத்தை, ஆமை எதையும் குளத்திலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வேண்டாம் என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறொரு வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள்.

* தொட்டித் தண்ணீரைச் சாக்கடையிலோ குளத்திலோ கொட்டாமல், வெயில் படும் செடிக்கு ஊற்றுங்கள். மண்ணில் காய்ந்தால் அதோடு முடிந்தது.

* குளம் குத்தகை எடுத்திருப்பவர்கள் மீன்குஞ்சு வாங்கும்போது அரசு மீன்பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். விலை மலிவு என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கலந்து விடாதீர்கள்.

* ஒரு குளத்தில் போட்ட வலையையும் பரிசலையும் அடுத்த குளத்தில் இறக்குமுன் கழுவி, நன்றாக வெயிலில் காய வையுங்கள். அமெரிக்க ஏரிகளில் படகுக்காரர்களுக்குப் போட்டிருக்கும் சட்டமும் இதுதான்: கழுவு, வடி, காய வை!

* குளத்தில் நாட்டுச் சிப்பியைக் கண்டால், கோழித் தீவனத்துக்கென்று மொத்தமாக வாரி எடுக்காமல் கொஞ்சமாவது விட்டு வையுங்கள்.

* பழக்கமில்லாத மீனோ சிப்பியோ செடியோ திடீரென்று கொத்துக்கொத்தாகத் தென்பட்டால், மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பத்துச் சிப்பி என்றால் கையால் பொறுக்கிவிடலாம். பத்துக் கோடி ஆன பிறகு யாராலும் முடியாது.

நோய் வந்தபின் வைத்தியரைத் தேடுவதைவிட வருமுன் காப்பது மேல் என்பது உடம்புக்கு மட்டுமான சட்டம் அல்ல. பழவேற்காட்டில் அந்தச் சந்தர்ப்பம் கை நழுவிப் போய்விட்டது. நம் குளங்களில் எல்லாவற்றுக்கும் இன்னும் போகவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குளக்கரைக்குப் போய்வாருங்கள். அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எது நம் ஊர்க்காரன், எது வந்தவன் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டால், நாளைக்கு மீன்தொட்டியைக் குளத்தில் கவிழ்க்க அந்தப் பிள்ளைகளே விடமாட்டார்கள்.